திருகோணமலையில் சிறு வியாபாரம் தொடங்குபவர்களுக்கு: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

திருகோணமலை நகரிலோ, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலோ, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் போன்ற ஊர்களிலோ சொந்தமாக ஒரு கடை, உணவகம் அல்லது சிறு சேவை நிலையம் தொடங்க எண்ணுபவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பெரிய முதலீட்டைப் பற்றியோ ஏற்றுமதியைப் பற்றியோ இதில் பேசப்போவதில்லை. ஒருவரோ இருவரோ வேலைக்கு நிற்க, உரிமையாளரே காசுமேசையில் இருந்து நடத்தும் வியாபாரத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

புதிதாகத் தொடங்கும் கடைகளில் பல, ஆட்கள் வராததால் மூடப்படுவதில்லை. ஆட்கள் வந்து, சாமானும் விற்று, அப்படியிருந்தும் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய நாளில் கையில் காசில்லாமல் போவதால்தான் மூடப்படுகின்றன. அந்த நிலை ஒரே நாளில் வருவதில்லை. எழுதப்படாத கணக்கிலும், கேட்கத் தயங்கிய கடனிலும், காரணம் தேடாமல் விட்ட சிறு சிறு நட்டங்களிலும் அது மாதக்கணக்காக வளர்கிறது. ஆகவே கீழே வரும் படிகள் யாவும் ஒரே பழக்கத்தைத்தான் வற்புறுத்துகின்றன: எந்தப் பிரச்சினையானாலும், தீர்வை யோசிப்பதற்கு முன், அது எங்கே, எப்போது, எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.

முதற்படி: இடத்தையும் காலத்தையும் பார்த்தல்

கடைக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த இடத்தை வெவ்வேறு நேரங்களில் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் பஸ் நிலையத்தை ஒட்டிய வீதியில் இருக்கும் நெரிசல் பிற்பகல் மூன்று மணிக்கு இருக்காது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தில் நின்று, அரை மணி நேரத்துக்கு எத்தனை பேர் கடந்து போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பக்கத்துக் கடைகளுக்குள் நுழைகிறார்கள் என்று எண்ணுங்கள். வார நாள் ஒன்றிலும், சனிக்கிழமையிலும், ஒரு போயா தினத்திலும் எண்ணிப் பார்த்தால், கட்டட உரிமையாளர் சொல்லும் புகழ்ச்சியைவிட நம்பத்தக்க ஒரு கணக்கு உங்களிடம் இருக்கும்.

இடத்தைவிடக் காலம் முக்கியமானது. நம் மாவட்டத்தின் வியாபாரம் பருவத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் உள்ளூர், வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள். கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கி ஜனவரி வரை நீளும்போது, கடற்கரை ஓரத்துக் கடைகள் வெறிச்சோடுவதோடு, படகுகள் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீனவக் குடும்பங்களின் கையிலும் காசு குறைந்துவிடும். இதற்கு மேல், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நத்தார், இரு பெருநாட்கள் என மூவின மக்களின் பண்டிகைகளும் இங்கே ஒவ்வொன்றாக வியாபாரத்தை உயர்த்துகின்றன. பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, உங்கள் பொருளுக்கு எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒரு மாதம் முன்பு கடற்கரையில் கடை திறப்பவர், வருமானம் வருமுன் ஆறு, ஏழு மாத வாடகையைக் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: பதிவும் பத்திரங்களும்

தனி ஒருவராகவோ கூட்டாகவோ நடத்தும் வியாபாரத்துக்கு, வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் பிரதேச செயலகத்தினூடாகச் செய்யப்படுகிறது. நகரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அது திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தேசிய அடையாள அட்டை, கடை இருக்கும் இடத்துக்கான உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். கம்பனியாகப் பதிவதானால் அது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும் வேறொரு நடைமுறை. சிறு கடைக்கு அது தொடக்கத்தில் பெரும்பாலும் தேவைப்படாது.

பெயர்ப் பதிவு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உள்ளூராட்சி சபையின் வியாபார உரிமம் தனியானது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உணவு சம்பந்தப்பட்ட கடையானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அவர் வருவதற்கு முன்பே அவரிடம் போய், தண்ணீர், கழிவுநீர், சமையலறையின் தரை, ஈக்கள் புகாத வலை ஆகியவற்றில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது. கட்டி முடித்த சுவரை இடிப்பதைவிட அது மலிவு. நிறுத்து விற்பவர்கள் தராசையும் படிக்கற்களையும் உரிய திணைக்களத்தில் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். விலைகளை வாடிக்கையாளர் காணும்படி வைப்பதும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி உங்கள் கடமைகள்.

வாடகை ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், உறவினரின் கட்டடமாக இருந்தாலும் விடாதீர்கள். முற்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பும், வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு உயரும், மின்மானி யாருடைய பெயரில் இருக்கிறது, கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூரைப் பிரச்சினை கட்டாயம் வரும்.

மூன்றாம் படி: விலையையும் குறைந்தபட்ச விற்பனையையும் கணக்கிடுதல்

80 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 100 ரூபாய்க்கு விற்பவர், தனக்கு 25 சதவீத இலாபம் என்று சொல்லிக்கொள்கிறார். வாங்கிய விலையை வைத்துப் பார்த்தால் அது சரிதான். ஆனால் காசுமேசை லாச்சிக்குள் விழும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் அவருக்கு உரியது 20 ரூபாய் மட்டுமே. கடைச் செலவுகளைக் கணக்கிடும்போது இந்த 20 சதவீதத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அதே பொருளுக்குப் பத்து வீதம் கழிவு கொடுத்தால் விற்பனை விலை 90 ஆகும், இலாபம் 20 இலிருந்து 10 ஆகக் குறையும். கழிவு பத்து வீதம்தான், இழந்தது இலாபத்தின் பாதி. முன்பு கிடைத்த அதே தொகையைப் பெற இரண்டு மடங்கு விற்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார் என்பதற்காக நீங்களும் குறைப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்ததாக, கடையைத் திறந்து வைத்திருப்பதற்கே மாதம் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வாடகை 35,000, மின்சாரமும் தண்ணீரும் 12,000, பணியாளர் ஒருவரின் சம்பளம் 40,000, அவருக்காக நீங்கள் கட்டும் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் 6,000, போக்குவரத்தும் தொலைபேசியும் 7,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு இலட்சம் ரூபாய். இலாபம் விற்பனையில் 20 சதவீதமானால், இந்த ஒரு இலட்சத்தைத் தேடவே மாதம் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டும்; 26 நாட்கள் திறக்கும் கடைக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 19,200 ரூபாய்.

இந்தக் கணக்கில் ஒருவர் விடுபட்டிருக்கிறார். அவர் நீங்கள்தான். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடும் உரிமையாளருக்கும் ஒரு சம்பளம் வேண்டும். அதை 50,000 என்று சேர்த்தால் மாதச் செலவு ஒன்றரை இலட்சம் ஆகிறது, தேவைப்படும் விற்பனை ஏழரை இலட்சம், நாளொன்றுக்கு 28,800 ரூபாய்க்குச் சற்று மேல். உரிமையாளரின் சம்பளத்தை எழுதாத கடைகளில், அந்தக் காசு எப்படியோ லாச்சியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கும். எவ்வளவு போகிறது என்பது மட்டும் தெரியாது. மனைவியோ பிள்ளைகளோ கடையில் நின்றால் அவர்களுடைய உழைப்புக்கும் ஒரு தொகையை எழுதுங்கள். குடும்பத்தின் இலவச உழைப்பைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது நட்டத்தில் ஓடும் வியாபாரம், உண்மையில் நட்டத்தில்தான் ஓடுகிறது.

நான்காம் படி: லாச்சியும் நாட்கொப்பியும்

வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரிப்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை; அதை எப்படிச் செய்வது என்பதுதான் கடினம். வியாபாரப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, உங்கள் சம்பளத்தை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் எடுங்கள். வீட்டுக்கு அரிசியோ பால்மாவோ கடையிலிருந்து எடுத்தால், வேறொரு வாடிக்கையாளர் வாங்கியதைப் போலவே விலையோடு எழுதி, வாரச் சம்பளத்தில் கழியுங்கள். தொடக்கத்தில் வீட்டில் இது சிறு மனத்தாங்கலைத் தரலாம். கணக்கை மறைக்காமல் வீட்டாருக்கும் காட்டினால் அது நீங்கும்.

ஒவ்வொரு நாளும் காலையில் லாச்சிக்குள் சில்லறை மாற்றுவதற்காக ஒரே தொகையை, 5,000 ரூபாய் என்று வையுங்கள், விட்டுத் தொடங்க வேண்டும். இரவில் கதவை இழுத்த பிறகு நாட்கொப்பியில் ஆறு வரிகள் எழுத வேண்டும்: காலையில் இருந்த காசு, காசுக்கு விற்றது, பழைய கடனில் திரும்பி வந்தது, இன்று கடனுக்குக் கொடுத்தது, இன்று வெளியே கொடுத்தது, இப்போது எண்ணிய காசு. காலையில் இருந்த காசோடு, காசுக்கு விற்றதையும் திரும்பி வந்த கடனையும் கூட்டி, வெளியே கொடுத்ததைக் கழித்தால், எண்ணிய காசு வர வேண்டும். கியூஆர் மூலமும் வங்கி மாற்றல் மூலமும் வந்த தொகையைக் காசோடு கலக்காமல் அருகில் தனியாகக் குறிக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. களைப்பினால் நாளைக்கு எழுதலாம் என்று விட்டால், மறுநாள் காலையில் பாண்காரருக்குக் கொடுத்த காசு எவ்வளவு என்பது மறந்துபோயிருக்கும்.

ஒவ்வொரு விற்பனைக்கும் பில் எழுத முடியாத பலசரக்குக் கடைகளில் இந்தக் கணக்கு முழுமையாக ஒத்துவராது. அங்கே வேறொரு வழி உண்டு. விலை கூடிய, எளிதில் கைமாறக்கூடிய பத்துப் பொருட்களைத் தெரிந்தெடுங்கள்; பால்மாப் பைக்கற்றுகள், ரின்மீன், பற்றரி, சவர்க்காரப் பெட்டிகள் போன்றவை. அவற்றை மட்டும் காலையிலும் இரவிலும் எண்ணுங்கள். காலையில் 24 பால்மாப் பைக்கற்று இருந்து, பகலில் 12 வந்து, இரவில் 27 இருந்தால், 9 விற்றிருக்க வேண்டும். கடன் கொப்பியிலும் காசிலும் 9 தெரியவில்லையென்றால், அந்த இடைவெளி அன்றைக்கே கண்ணில்படும். ஆண்டு முடிவில் கண்டுபிடிக்கப்படும் இடைவெளிக்குக் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. சந்தேகம் மட்டுமே மிஞ்சும், அது நல்ல பணியாளரையும் இழக்கச் செய்துவிடும்.

மொத்த வியாபாரிகளுக்குப் பின்திகதியிட்ட காசோலை கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையில் எழுதினால் போதாது. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில், காசோலை வங்கிக்குப் போகும் திகதியில் தொகையை எழுதி வையுங்கள். ஒரே வாரத்தில் மூன்று காசோலைகள் குவிந்திருப்பது அப்போது முன்கூட்டியே தெரியும், நான்காவதைக் கொடுக்கும்போது, “அண்ணை, இதை அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குப் போடுவோம்” என்று கேட்க முடியும். திரும்பிய காசோலைக்குப் பிறகு கேட்கும் தவணைக்கும், அதற்கு முன்பு கேட்கும் தவணைக்கும் மரியாதையில் பெரிய வேறுபாடு உண்டு.

ஐந்தாம் படி: கடன் கொப்பியைக் கையாளுதல்

கடனுக்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதுபவர்கள் நம் ஊர்களில் கடை நடத்தியவர்களாக இருக்க முடியாது. மழைக்காலத்தில் இரண்டு கிழமை கடல் கொந்தளித்தால், கரையோரக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் கடன் கொப்பி வழியாகத்தான் போகும். கடல் திறந்ததும் அதே குடும்பங்கள் நேர்மையாகக் கொண்டுவந்து கட்டும். இந்த நம்பிக்கையின்மேல் நிற்கும் வியாபாரத்தை, கடன் இல்லை என்ற ஒரு பலகையால் அறுத்துவிடுவது மனிதாபிமானத்துக்கும் பொருந்தாது, வியாபாரத்துக்கும் நல்லதல்ல. தேவைப்படுவது எல்லையும் ஒழுங்கும்தான்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, பொருள், தொகை, கூட்டிய மீதி ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் கண்முன்னே எழுதி, அவர்களிடம் இருக்கும் சிறு சிட்டையிலும் அதையே எழுதிக் கொடுங்கள். “சாமான் 1,850” என்று எழுதக் கூடாது. “சீனி 2 கிலோ, பருப்பு 1 கிலோ, தேயிலை” என்று எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து வரும் தகராறுகள் எல்லாம் பொருளின் பெயர் எழுதப்படாத வரிகளிலேயே வருகின்றன. பிள்ளைகள் வந்து வாங்கும்போது யார் வந்தார் என்பதையும் குறித்துவிடுங்கள்.

கொடுத்த கடன் மொத்தமாக ஒரு வார விற்பனையைத் தாண்டக் கூடாது என்று ஓர் எல்லையை வைத்துக்கொள்வது என் பரிந்துரை. அதற்கான காரணத்தைக் கணக்கில் பாருங்கள்: 5,000 ரூபாய்ச் சாமான் கடனாகப் போய்த் திரும்பாவிட்டால், நீங்கள் இழந்தது அந்தச் சாமானை வாங்கிய 4,000 ரூபாய். அதை இலாபத்திலிருந்து ஈடுசெய்ய மேலும் 20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அந்த விற்பனைக்கான உழைப்பு முழுவதும் உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

கேட்கும் விதம் முக்கியம். கடைக்குள் நாலு பேர் நிற்கும்போது ஒருபோதும் கேட்காதீர்கள். ஆள் குறைந்த நேரத்தில், “அக்கா, போன மாதக் கணக்கு ஏழாயிரத்து முந்நூறு நிக்குது. வெள்ளிக்கிழமை லொறி வருது, அதுக்குள்ள பாதியாவது தந்தீங்களெண்டால் எனக்குப் பெரிய உதவியா இருக்கும்” என்று தொகையையும் நாளையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், பெரும்பாலானவர்கள் ஒரு பதில் தருவார்கள். அந்தப் பதிலையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பாதி கட்டியவருக்குத் தொடர்ந்து கொடுக்கலாம். மூன்று முறை நாள் சொல்லித் தவறியவருக்குப் பழைய மீதியைத் தொடாமல் நிறுத்திவைத்து, அன்றன்றைய சாமானைக் காசுக்கு மட்டும் கொடுப்பது, உறவையும் முறிக்காது, நட்டத்தையும் வளர்க்காது.

ஆறாம் படி: இருப்பும் பருவமும்

ஒரு பொருளை எப்போது மீண்டும் வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: நாளொன்றுக்கு விற்கும் அளவை, சொல்லி அனுப்பிய நாளிலிருந்து பொருள் வந்து சேரும் நாட்களால் பெருக்கி, அதோடு இரண்டு, மூன்று நாள் விற்பனையைக் கூட்டுங்கள். நாளொன்றுக்கு 6 கிலோ போகும் பொருள் கொழும்பிலிருந்து வர நான்கு நாட்கள் என்றால், 24 கிலோவோடு மூன்று நாளுக்குரிய 18 கிலோவைச் சேர்த்து, இருப்பு 42 கிலோவுக்கு இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் வீதிகள் வெள்ளத்தில் மூடப்படலாம் என்பதால் அந்த மூன்று நாளை ஏழாக்குங்கள். பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்குவது எல்லாருக்கும் தெரிந்ததே. தயிர்ச் சட்டிகளுக்கும் பாணுக்கும் மட்டும், மீந்ததை ஒவ்வொரு இரவும் எழுதி, ஒரு கிழமை முடிவில் வாங்கும் அளவைத் திருத்துங்கள்.

கடற்கரையை நம்பிய வியாபாரத்துக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். மாத வாடகை 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. வருமானம் வரும் ஐந்து மாதங்களில் இதைத் தேட வேண்டுமானால், மாதம் 72,000 ரூபாயை வாடகைக்கென்றே வேறொரு கணக்கில் ஒதுக்க வேண்டும். ஜூலையில் கையில் நிறைந்திருக்கும் காசு இலாபம் என்று எண்ணி மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டிவிட்டு, டிசம்பரில் அடகுக் கடைக்குப் போகும் நிலை இப்படித்தான் உருவாகிறது. கட்டட உரிமையாளரிடம் பேசி, பருவத்தில் கூடுதலாகவும் மழைக்காலத்தில் குறைவாகவும் வாடகை கட்டும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கடை வெறுமையாகக் கிடப்பதைவிடக் குறைந்த வாடகையாவது கிடைப்பது அவருக்கும் நல்லது. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து நீச்சல் கண்ணாடி, கடற்கரைத் தொப்பி போன்றவற்றை வாங்குவதை நிறுத்தி, குடை, மழை அங்கி, டோர்ச், தறப்பாள், நுளம்புச் சுருள் ஆகியவற்றுக்கு இடம் செய்யலாம்.

ஏழாம் படி: பணியாளர்

சம்பளத்தை நாட்கூலியாகப் பேசினாலும் மாதமாகப் பேசினாலும், வேலை நேரம், ஓய்வு நாள், சாப்பாடு, முற்பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குப் பணியாளரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், உங்கள் பங்காக 12 சதவீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு 3 சதவீதம். 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் அவருடைய பங்கு 3,200, உங்களுடையது 4,800 உம் 1,200 உம். ஒரேயொரு பணியாளர் இருந்தாலும் இது கட்டாயம். கட்டாமல் விட்டால் நிலுவையோடு மிகைக்கட்டணமும் சேரும். அதைவிட முக்கியமாக, பல ஆண்டு உழைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் ஒரு மனிதருக்கு நாம் செய்த அநியாயமாக அது நிற்கும்.

எட்டாம் படி: பிரச்சினையைப் பிரித்துப் பார்த்தல்

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில், ஒரு கோளாறு ஏற்பட்டால் ஏன் என்ற கேள்வியைத் திரும்பத் திரும்ப, ஏறத்தாழ ஐந்து முறை கேட்டு அடிக்காரணத்துக்குப் போகும் முறை வழக்கத்தில் வந்தது. பெரிய தொழிற்சாலைக்கு மட்டுமான முறையல்ல அது. நம் ஊரில் அது எப்படிப் பயன்படும் என்பதை, கச்சேரியை (மாவட்டச் செயலகத்தை) ஒட்டி மதியச் சோற்றுப் பார்சல் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்து பார்ப்போம்.

மதியம் பன்னிரண்டரைக்கு வருபவர்களில் சிலர் காத்திருந்து அலுத்துத் திரும்பிப் போகிறார்கள். உரிமையாளருக்கு உடனே தோன்றுவது, இன்னொரு ஆளை வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது. அந்த முடிவு மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. அதற்குப் பதிலாக ஒரு கிழமைக்குப் பின்வருமாறு எழுதுகிறார்: எத்தனை மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், அந்த நேரத்தில் எது தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை பார்க்கும்போது, மரக்கறிப் பார்சல் கேட்டவர்கள் யாரும் திரும்பவில்லை என்பது தெரிகிறது. திரும்பியவர்கள் எல்லாரும் மீன் பார்சல் கேட்டவர்கள்.

ஏன் மீன் பார்சல் பிந்துகிறது? பன்னிரண்டே காலுக்குத்தான் மீன் பொரிந்து முடிகிறது. ஏன்? பதினொன்றரைக்குத்தான் அடுப்பில் ஏறுகிறது. ஏன்? பத்தரைக்குத்தான் மீன் கடைக்கு வருகிறது, அதன் பிறகு வெட்டிக் கழுவ ஒரு மணி நேரம். ஏன் பத்தரை? சந்தைக்குப் போகும் தம்பிதான் காலைச் சாப்பாட்டு நேரத்தில் மேசையும் துடைக்கிறார். ஒன்பதரைக்குப் பிறகே அவரால் புறப்பட முடிகிறது. அடிக்காரணம் இங்கே இருக்கிறது. பார்சல் கட்டும் மேசையில் புதிதாக ஓர் ஆளை நிறுத்தியிருந்தால், அவரும் பொரியாத மீனுக்காகக் காத்துக்கொண்டுதான் நின்றிருப்பார். மீன் வியாபாரியிடம் கிலோவுக்குச் சிறிது கூடக் கொடுத்து, பாரையையும் சூரையையும் வெட்டிக் கழுவி எட்டரைக்குக் கடைக்குக் கொண்டுவந்து தரும்படி ஒழுங்கு செய்தால், மாதச் செலவு ஒரு சம்பளத்தின் சிறு பங்கோடு முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏன் என்ற கேள்விக்கு ஓர் ஆளின் பெயர் பதிலாக வந்தால், இன்னும் ஒருமுறை கேளுங்கள். “தம்பி பிந்திப் போகிறார்” என்ற இடத்தில் நின்றிருந்தால், தம்பிக்கு ஏச்சு விழுந்திருக்கும், மீன் பிந்தித்தான் வந்திருக்கும். மேலும், ஒரு மாற்றத்தைச் செய்தால் இரண்டு கிழமைக்கு வேறெதையும் மாற்றாதீர்கள், அதே கணக்கைத் தொடர்ந்து எழுதுங்கள். விலை, பணியாளர், நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு, எதனால் விற்பனை கூடியது என்று சொல்ல முடியாது.

பல பிரச்சினைகள் ஒன்றாக வந்து நெருக்கும்போது எதை முதலில் எடுப்பது என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொன்றாலும் மாதம் எத்தனை ரூபாய் போகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரெடோ பரேட்டோவின் பெயரால் அறியப்படும் ஒரு விதி, விளைவின் பெரும்பகுதி சில காரணங்களிலிருந்தே வருகிறது என்கிறது. கடைகளிலும் இது பெரும்பாலும் பொருந்துவதைக் காணலாம். மின்குமிழ்களை அணைப்பதில் சண்டையிடும் கடையில், கதவு ரப்பர் கிழிந்த பழைய குளிர்சாதனப் பெட்டி மின்சாரப் பட்டியலை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

வாடிக்கையாளரின் முறைப்பாட்டையும் இதே முறையில்தான் அணுக வேண்டும். நம் மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் ஒரே கடைக்கு வருகிறார்கள். பெயர்ப்பலகையும் விலைப்பட்டியலும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக இருந்தால், விலை பற்றிய தகராறுகளில் ஒரு பகுதி வராமலே போகும். வந்த முறைப்பாட்டை முதலில் முழுமையாகக் கேளுங்கள். பிழை கடையுடையதானால் பொருளை அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுத்துவிட்டு, அன்றிரவு நாட்கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பொருளின் பெயரோடு எழுதுங்கள். ஒரே பெயர் மூன்றாவது முறை வந்தால், அந்தப் பொருளைத் தந்த விநியோகஸ்தரிடம் கொப்பியோடு போய்ப் பேசலாம்.

ஒன்பதாம் படி: ஆண்டு முடிவில்

வருமான வரிக்குரிய ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. விவரத்திரட்டு அதையடுத்து வரும் நவம்பர் 30 க்குள் கொடுக்கப்பட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கான ஆண்டு வரி விலக்கு 18 இலட்சம் ரூபாய். வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் வரி செலுத்துனர் அடையாள இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். வங்கிக் கடனுக்குப் போகும்போதும் அது கேட்கப்படும், ஒழுங்காக எழுதிய நாட்கொப்பியும் அப்போது உதவும்.

மார்ச் கடைசி நாட்களில் ஒரு நாள் கடையைப் பூட்டி, இருக்கும் சாமான் எல்லாவற்றையும் வாங்கிய விலையில் எண்ணி எழுதுங்கள். அதோடு கையிலும் வங்கியிலும் உள்ள காசையும், உண்மையில் திரும்பக்கூடிய கடனையும் கூட்டி, நீங்கள் கொடுக்க வேண்டியவற்றைக் கழியுங்கள். இடையில் வீட்டிலிருந்து கடைக்குள் காசு போட்டிருந்தால் அதையும் கழித்துவிட்டு, மிஞ்சியதைத் தொடக்கத்தில் போட்ட முதலோடு ஒப்பிடுங்கள். முதல் ஆண்டில் உங்கள் சம்பளத்தை எடுத்த பிறகும் முதல் குறையாமல் இருந்தால், இரண்டாம் ஆண்டுக்குத் துணிந்து வாடகையைப் புதுப்பிக்கலாம். குறைந்திருந்தால், குறைந்த தொகையைக் கடன், பழுதான சாமான், வாடகை, விலைக்கழிவு எனப் பிரித்து, எதில் பெரும்பகுதி போனது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றைத் திருத்த மூன்று மாதம் கொடுங்கள். ஜூன் கடைசியில், அதாவது பருவம் உச்சத்தில் இருக்கும்போதும், அது திருந்தவில்லையென்றால், கையில் முதல் மிஞ்சியிருக்கும்போதே கட்டட உரிமையாளருக்கு ஒப்பந்தப்படி அறிவித்தல் கொடுத்து, சாமானை மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.